தலைவலி மாத்திரையும் புற்றுநோயும்

பெங்களூரில் அலசூர் ஏரியை அடுத்த தெரு ஒன்றில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் நமக்கு நெடுநாளைய பழக்கம். வட ஆர்க்காட்டிலிருந்து இளமையில் பிழைப்புத் தேடி வந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். ஊரில் இருந்த அவருடைய தம்பி 68 வயதில் பெருங்குடற் புற்றுநோயால் மறைந்தார். அதற்குச் சில திங்களுக்குப் பின், ஆஸ்பிரின் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்வோர்க்கு அந்நோய் வாராது என்று எங்கோ படித்த செய்தியொன்று பெரியவர் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டார், கொடுத்தார்கள். 74 வயதில், காலையில் வெறும் வயிற்றில் நாளுக்கொன்று. முழங்கால் வலிக்கென முன்பே விழுங்கி வந்த வேறொரு மாத்திரையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

ஐந்தாம் மாதத்தில் மலம் தார் போலக் கறுத்தது. கீரை உண்டதனால் இருக்கலாம் என்று அவர் வாளாவிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் கூடத்தில் மயங்கி விழுந்தபோதுதான், இரைப்பைப் புண்ணிலிருந்து பல நாட்களாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். நாம் பார்க்கச் சென்றபோது, "தம்பி போன வழியில் நானும் போகக் கூடாது என்றுதானே ஐயா விழுங்கினேன்? பத்திரிகையில் எழுதியது பொய்யா?" என்று கேட்டார்.

பொய்யன்று, முழு உண்மையும் அன்று. இந்த இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் நாம் ஈண்டுச் சொல்லப் புகும் வரலாறு. பெங்களூரில் இக்கேள்வி எழுவதற்குத் தனிப்பொருத்தமும் உண்டு. ரஃபி அகமது கித்வாயின் பெயரால் 1973-இல் நிறுவப்பெற்ற புற்றுநோய் மனை ஓசூர்ச் சாலையில் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து வரும் நம்மவரின் தமிழ் அதன் தாழ்வாரங்களில் கன்னடத்தோடு கலந்து ஒலிக்கும். இந்திய நாட்டில் எவ்வூரில் எவ்வகைப் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகின்றது என்னும் தேசியப் பதிவேட்டுக் கணக்கு 1982 முதல் பம்பாய், சென்னை, பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களில் முதன்முதலாக எடுக்கப்பட்டது. நாடெங்குமுள்ள பதிவேடுகளைத் தொகுக்கும் நிலையம் இன்று பெங்களூரில்தான் உள்ளது. அந்தக் கணக்கு பெரியவரின் கேள்விக்கு எப்படி விடை தருகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்னும் பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையைத் தற்செயலாகச் சுவைத்துப் பார்த்தார். குளிர்காய்ச்சலுக்குப் பெயர்போன சிங்கோனாப் பட்டையின் கசப்பு அதில் இருக்கக் கண்டு, பட்டையை உலர்த்திப் பொடித்து ஐம்பது பேர் வரை கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் தணிந்தது என்று 1763-இல் இலண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1828-இல் மூனிக் நகரத்துப் பூக்னர் பட்டையின் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1838-இல் இத்தாலியரான பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். வலியையும் காய்ச்சலையும் அது தணித்தது, வயிற்றையோ கலக்கிற்று. 1853-இல் பிரெஞ்சு இரசாயனர் கெர்ஹார்ட் அதனை அசிட்டைல் சேர்த்து மாற்றினார். ஆயினும் அது மருந்தாகவில்லை.

இவ்விடத்தில் நம் நீலகிரியை நினைக்காமல் கடந்துபோக மனம் வரவில்லை. உதகைக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு அடுக்கி விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைப் பலரும் மூட்டு வலிக்குத் தேய்த்திருப்பர். மலைச்சரிவில் வளரும் கோல்தேரியா என்னும் செடியின் இலையிலிருந்து வடிக்கும் அத்தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்டே. அதாவது, ஆஸ்பிரினுக்கு உடன்பிறப்பு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சிங்கோனாத் தோட்டங்களுக்கென அரசினர் உதகையில் அமர்த்திய இரசாயன நிபுணர் ஜான் பிரௌட்டன் இத்தைலத்தை ஆராய்ந்து, அதிலிருந்து கார்பாலிக் அமிலம் எடுத்துக் காட்டினார். வில்லோவைத் தேடி ஐரோப்பா அலைந்த நாளில் அந்தப் பொருள் நம் மலையிலும் மணத்துக்கொண்டிருந்தது. ஆனால் அத்தைலம் மேலே தேய்ப்பதற்கே உரியது. சிறிதளவு உட்சென்றாலும் குழந்தைகளுக்கு உயிர்க்கேடு. வீட்டில் புட்டி வைத்திருப்போர் அதனை எட்டாத இடத்தில் வைப்பார்களாக.

1897 ஆகஸ்டில் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாஃப்மன் தூய்மையான அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தை ஆக்கினார். வாதநோயால் வருந்திய தந்தைக்காக அவர் அதனைத் தேடினார் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கதை. ஆனால் அதே நிறுவனத்தில் அவருக்கு மேலிருந்த ஆர்தர் ஐகன்கிரூன், அவ்வாராய்ச்சி தம் பணிப்பின்படியே நடந்தது என்று 1949-இல் எழுதினார். யூதராகப் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சியில் முகாமில் அடைபட்டு மீண்டவர். எழுதிய அவ்வாண்டிலேயே காலமானார். யார் உரிமை மெய்யென்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. 1899-இல் ஆஸ்பிரின் என்னும் பெயர் பதிவாயிற்று. முதல் உலகப்போரில் தோற்றபின், 1919-இன் வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளில் அப்பெயரின் தனியுரிமை போயிற்று. அன்று முதல் அது எவரும் செய்து விற்கும் மலிவுப் பண்டமாயிற்று. ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஆஸ்ப்ரோவின் விளம்பரங்களை நம் பழைய தமிழ் ஏடுகளின் பக்கங்களில் இன்றும் காணலாம்.

வயிற்றுக் கேடு நெடுநாள் பொருட்படுத்தப்படவில்லை. 1938-இல் இலண்டன் மருத்துவர் இருவர், டௌத்வெயிட், லிண்டாட் என்போர், வாய்வழியே குழாயைச் செலுத்தி ஆஸ்பிரின் உண்டவர்களின் இரைப்பையை நேரே பார்த்தனர். மாத்திரைத் துகள் படிந்த இடங்களில் சவ்வு சிவந்து புண்ணாகி இருந்தது. காரணத்தை விளக்க மேலும் 33 ஆண்டுகள் ஆயின. 1971-இல் ஜான் வேன், உடலில் பிராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கின்றது என்று காட்டினார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வலியும் வீக்கமும் அப்பொருள்களால் வருவன. இரைப்பையின் சுவரை அதன் சொந்த அமிலம் அரிக்காமல் காப்பவையும் அவையே. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதற்குத் துணைசெய்யும் பொருளும் அந்தக் குடும்பத்தைச் சார்ந்ததே. ஆகவே இம்மருந்தின் நன்மையும் தீமையும் இரு வேறு குணங்கள் அல்ல. ஒரே செயல் மாரடைப்புக்காரருக்கு உயிரைக் காக்கின்றது; இரைப்பைப் புண்ணுள்ளவருக்கு இரத்தத்தைச் சொட்ட வைக்கின்றது. நாம் சொல்ல வந்த பொருளின் உயிர்நிலை இதுவே.

மாரடைப்பைத் தடுக்கும் என்று முதலில் உரக்கச் சொன்னவர் கலிபோர்னியாவில் இருந்த லாரன்சு கிரேவன் என்னும் பொது மருத்துவர். தொண்டைச் சதை நீக்கப்பெற்றவர்கள் ஆஸ்பிரின் கலந்த மெல்லும் பிசினை மிகுதியாக மென்றால் இரத்தம் நில்லாமற் போவதை அவர் கவனித்தார். இரத்தம் கட்டாமையே இருதயத்துக்கு நன்மையாகுமென்று கருதி, ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு அதைப் பரிந்துரைத்துக் கட்டுரைகள் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு ஒன்றை வைக்காததால் அவர் சொல் எடுபடவில்லை. 1957-இல் அவரே மாரடைப்பால் இறந்தார். பின்னாளில் முறையான சோதனைகள் அவர் கருத்துக்குப் பெரும்பாலும் ஆதரவு தந்தன. இருதய நோய் ஒருமுறை வந்தவர்களுக்கும் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆஸ்பிரின் இன்று இன்றியமையாத மருந்து. எக்கோஸ்பிரின் என்னும் பெயரில் பல வீடுகளில் அது இருக்கிறது.

இனிப் புற்றுநோய். 1968-இல் அமெரிக்காவில் காப்ரியல் காசிக் என்பவர், எலிகளில் தட்டணுக்களைக் குறைத்தால் புற்றுநோய் வேற்றுறுப்புகளுக்குப் பரவுவது குறைகின்றதெனக் கண்டார். மனிதரைப் பற்றிய முதற்சான்று தேடாமலே கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேப்ரியல் கூன் என்னும் அறுவை மருத்துவர், பெருங்குடற் புற்றுநோய்க்கு உணவும் பழக்கங்களும் காரணமா என்று ஆராய்ந்தார். நோயுற்றோரிடமும் நோயற்றோரிடமும் உட்கொண்ட மருந்துகளையும் கேட்டுக் குறித்தபோது, ஆஸ்பிரின் உண்டுவந்தவர்களிடம் அந்நோய் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. 1988-இல் அதனை வெளியிட்டார். 1991-இல் அமெரிக்காவில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்த கணக்கும் அதே திசையைக் காட்டியது. என்றாலும் நாடிவந்து மாத்திரை உண்போர் பொதுவாக உடல்நலத்தில் கருத்துடையோராக இருத்தல் கூடும். அவர்களைக் காத்தது மாத்திரையா, அவர்களது வாழ்க்கை முறையா என்ற ஐயம் நின்றது.

ஐயத்தைப் பெருமளவு நீக்கியவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ராத்வெல். இருதயத்துக்கென முன்பு நடத்தி முடித்த ஆஸ்பிரின் சோதனைகளின் பழைய ஏடுகளைத் தேடியெடுத்து, அவற்றில் கலந்துகொண்டவர்கள் பின்னர் யாது காரணத்தால் இறந்தனர் என்று ஆராய்ந்தார். 2010-இல் வெளியான முடிவின்படி, 20 ஆண்டுகளில் பெருங்குடற் புற்றுநோய் 24 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பயன் உடனே வருவதன்று. பல ஆண்டுகள் கடந்த பின்னரே தலைகாட்டியது. உலகச் செய்தித்தாள்கள் இதனைப் பெரிய எழுத்தில் போட்டன. நம் பெரியவரின் காதுக்குப் பல கைமாறி எட்டியதும் இதுவாகவே இருக்கவேண்டும். கைமாறும்போது "20 ஆண்டுகளில்" என்னும் சொல் எங்கோ உதிர்ந்துவிட்டது. 74 வயதினர்க்கு அச்சொல்லே தலையாயது.

இம்மருந்தின் பயன் ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட ஒரு கூட்டத்தாரும் உண்டு. அவர்கள் கதை ஒரு தையற்காரப் பெண்மணியிடம் தொடங்குகின்றது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஆல்டிரெட் வார்தினிடம், தம் குடும்பத்தில் பலரும் குடல், கருப்பைப் புற்றுநோய்களால் மாண்டதாகவும் தாமும் அவ்வாறே இளமையில் இறப்பதாகவும் பாலின் கிராஸ் என்னும் அப்பெண் கூறினாள். சொன்னது போலவே பின்னர்க் கருப்பைப் புற்றுநோயால் மாண்டாள். வார்தின் அக்குடும்பத்தின் வழிமுறையை விடாது தேடிக் குறித்து 1913-இல் வெளியிட்டார். 1966 முதல் ஹென்றி லிஞ்ச் இத்தகைய வேறு குடும்பங்களையும் கண்டறிய, அவர் பெயரே அவ்வியாதிக்கு அமைந்தது. தலைமுறைதோறும் இறங்கும் மரபணுக் குறை அது. பிறவிக் குறை என்று ஊரார் சொல்வது இங்குச் சரியே.

இக்குறையுடைய 861 பேரை ஜான் பர்ன் என்னும் ஆங்கில மருத்துவர் திரட்டினார். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 600 மி.கி. ஆஸ்பிரினும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் சில ஆண்டுகள் அளிக்கப்பட்டன. 2008-இல் பார்த்தபோது வேறுபாடு ஒன்றுமில்லை! அத்துடன் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் விடாமல் தொடர்ந்து பார்த்தனர். 2020-இல் வெளியான பத்தாண்டுக் கணக்கில், ஆஸ்பிரின் உண்ட 427 பேரில் 40 பேருக்கும், உண்ணாத 434 பேரில் 58 பேருக்கும் பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தது. பிரிட்டனின் மருத்துவ நெறிக் குழு அவ்வாண்டே இக்குறையுள்ளோர்க்கு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது.

மற்றையோர்க்கு என்ன? 2016-இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, மாரடைப்பு அபாயம் மிகுந்த 50 முதல் 59 வயதினர்க்குக் குடற் புற்றுநோய்த் தடுப்பையும் கருதி இம்மாத்திரையை ஆதரித்தது. இரண்டே ஆண்டுகளில் காற்று மாறியது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 நலமுள்ள முதியோரிடம் நாளொன்றுக்கு 100 மி.கி. அளித்துப் பார்த்த சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பெரிய இரத்தப்போக்கு மாத்திரை உண்டோரில் 100-க்கு 3.8 பேருக்கும், உண்ணாதோரில் 2.8 பேருக்கும் நேர்ந்தது. வியப்பு யாதெனின், புற்றுநோயால் இறந்தோர் குறையவில்லை, முறையே 3.1 விழுக்காடும் 2.3 விழுக்காடுமாக, உண்டோரிடமே மிகுந்திருந்தனர். முதுமையில் தொடங்குவது காலங்கடந்த செயல் என்றே கொள்ளவேண்டியிருந்தது. 2022-இல் அப்பணிக்குழு, 60 வயதுக்கு மேற்பட்டோர் மாரடைப்பைத் தடுப்பதற்கெனப் புதிதாகத் தொடங்க வேண்டாமென்றும், குடற் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று போதவில்லையென்றும் தன் சொல்லைத் திருத்திக்கொண்டது. மருத்துவர்கள் நேற்றொன்று இன்றொன்று சொல்கிறார்கள் என்று நகைப்போர் உண்டு. சான்று மாறியபோது சொல்லை மாற்றாதவரிடம் அல்லவோ நாம் அஞ்சவேண்டும்?

நோய் வந்து அறுவை முடிந்தவர்களுக்கு அது மீளாமல் தடுக்குமா என்பது வேறு வினா. மார்பகப் புற்றுநோயில் 3,020 பேரிடம் 300 மி.கி. அளித்த அமெரிக்கச் சோதனை பயனின்றி முடிந்ததென 2024-இல் அறிவித்தனர். குடற் புற்றுநோயில் சிங்கப்பூர்த் தலைமையில் நடந்த, 200 மி.கி. அளித்த ஆராய்ச்சியும் திட்டமான பயனைக் காட்டவில்லை. ஆனால் 2025-இல் சுவீடன் முதலிய வடநாடுகளிலிருந்து வந்த செய்தி மனத்துக்கு உரமூட்டியது. கட்டியில் குறிப்பிட்டதொரு மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்து 160 மி.கி. அளித்தனர். மூன்றாண்டுகளில் நோய் மீண்டோர் 14.1 விழுக்காட்டிலிருந்து 7.7 ஆகக் குறைந்தனர். குடற் புற்றுநோயாளரில் மூவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் அம்மாற்றம் இருந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராகுல் ராய்சௌதுரியின் குழுவினர், தட்டணுக்கள் வெளியிடும் பொருளொன்று உடலின் காவலணுக்களை அடக்கிவைப்பதையும், ஆஸ்பிரின் அதனைக் குறைத்துக் காவலணுக்களை விடுவிப்பதையும் எலிகளில் விளக்கினர். காசிக் 1968-இல் கண்டதற்குக் காரணம் 57 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது.

இவையெல்லாம் பிறநாட்டார் கணக்கு. இனிப் பெங்களூரில் தொகுக்கப்பெறும் நம் கணக்குக்கு வருவோம். வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு வருகின்றது. ஆஸ்திரேலியாவில் 30 பேருக்கு மேல். நான்கில் ஒரு பங்கை மாத்திரை தடுக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அங்கே தப்புவோர் ஏழெட்டுப் பேர், இங்கே ஒருவர். முதியோரிடம் எண்ணிக்கை இரு நாட்டிலும் கூடும், ஒப்புநோக்கு மாறாது. பயன் நோயின் பெருக்கத்தைப் பொறுத்தது. இரத்தப்போக்கோ அவ்வாறு குறைந்து கொடுப்பதன்று. இன்னும் சொன்னால் நம் நாட்டில் அது மிகுவதற்கே காரணங்கள் உள. இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி நம்மவரிடம் மிகப் பரவியுள்ளது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்து வரும் பக்கவாதத்தின் பங்கு ஐரோப்பியரைவிட ஆசியரிடம் மிகுதி. டெங்கு பரவும் மழைக்காலத்தில், காய்ச்சல் கண்டவருக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது என்பது மருத்துவர் அனைவரும் வற்புறுத்தும் விதி.

நம் பதிவேடுகளில் முன்னிற்பவை வாய், மார்பகம், கருப்பை வாய் முதலியன. சென்னையிலும் பெங்களூரிலும் இரைப்பைப் புற்றுநோயும் வடநாட்டைவிடக் கூடுதல். புகையிலை மெல்வோரை ஆஸ்பிரின் காக்காது. தம்பிக்காக மாத்திரை வாங்கிய பெரியவர், அதே கடையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தையும் வாங்கி வந்ததை நாம் அறிவோம். அதனைச் சொல்லிக் காட்ட அப்போது மனம் வரவில்லை.

இந்தியாவும் இவ்வாராய்ச்சியில் கைகட்டி நிற்கவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்தியாவிலும் மார்பகம், குடல், இரைப்பை-உணவுக்குழாய், பிராஸ்டேட் ஆகிய நான்கு வகைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தவர்களிடம் நடத்தப்பெறும் பெரிய சோதனையின் இந்தியப் பொறுப்பை மும்பையின் டாட்டா நினைவு மையம் ஏற்றது. அதன் முறை நம்மவர் அறியத்தக்கது. எவருக்கும் நேரே ஐந்தாண்டு மாத்திரை கொடுக்கப்படுவதில்லை. முதலில் எட்டு வாரம் 100 மி.கி. கொடுத்து, வயிறு ஒத்துக்கொள்கிறதா, இரத்தப்போக்கு உண்டா என்று பார்க்கின்றனர். தாங்காதவர் அங்கேயே விலக்கப்படுகின்றனர். எஞ்சியோர்தாம் சீட்டுப் போட்டது போல 100 மி.கி., 300 மி.கி., வெற்று மாத்திரை எனப் பிரிக்கப்படுகின்றனர். 75 வயதைக் கடந்தவருக்கு 300 மி.கி. கிடையாது. நோயை வென்று எழுந்தவர்களிடமே இத்துணை எச்சரிக்கை. மருந்துக் கடை வாசலில் நாம் காட்டுவது எவ்வளவு?

இருதயத்துக்கென மருத்துவர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் உண்போர், இதைப் படித்துவிட்டுத் தாமே நிறுத்திவிடலாகாது. ஸ்டென்ட் வைத்தவர் திடீரென நிறுத்தினால் குழாய் அடைபட்டு உயிர் போதல் கூடும். நாம் பேசுவது நோயின்றி, சீட்டின்றி, அச்சத்தினால் மட்டும் தொடங்குவதைப் பற்றியே.

பெரியவரிடம் மருத்துவர் கேட்டவை மூன்றே கேள்விகள். தம்பிக்கு நோய் கண்டபோது வயது என்ன? குடும்பத்தில் வேறு யாருக்கேனும், குறிப்பாக 50 வயதுக்குள், குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்ததுண்டா? உங்களுக்கு முன்பு வயிற்றுப் புண் இருந்ததா? முதலிரு விடைகளால் அது பாலின் கிராஸின் குடும்பத்தைப் போன்றதன்று எனத் தெளிந்தது. மூன்றாம் கேள்விக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் புண்ணுக்கு மருந்து உண்டது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. உடல் தேறியபின் குடலுக்குள் குழாய்விட்டுப் பார்த்தார்கள். இரண்டு சிறு பாலிப்புகள் இருந்தன. புற்றாக மாறக்கூடிய அச்சதை வளர்ச்சிகளை அங்கேயே எடுத்துவிட்டனர். தம்பிக்கு வந்தது தமக்கும் வருமோ என்ற அவருடைய அச்சத்துக்கு உரிய மருந்து அந்த அரைமணி நேரத்தில் கிடைத்தது.

இப்போது அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. ஆஸ்பிரின் தரக் கூடாது என்று, கன்னடப் பள்ளியில் படிக்கும் பேரன் கன்னடத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறான். ஊருக்குப் போனால் அங்குள்ள கடைக்காரருக்கும் விளங்கவேண்டுமே என்று, அதன் கீழே தம் நடுங்கும் கையால் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்.